முனைக்குப் பின்னால் ஓர் அங்குலம்

அம்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடைகிறது: முனை செருகியிருக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் பின்னால். என் பட்டறையில் ஒரு பழைய கிரீஸ் டப்பா நிறைய உடைந்த அம்புகள் கிடக்கின்றன. மூங்கில், மரம், அலுமினியம், கார்பன் எல்லாம் கலந்து. எதை உருவிப் பார்த்தாலும் முறிவு அந்த ஓர் அங்குலத்துக்குள்தான் இருக்கும். வால் பக்கம் போனவை சில உண்டு. அவை பின்னால் வந்த இன்னோர் அம்பிடம் அடி வாங்கியவை. அம்பு வாங்க வருகிறவர்கள் இறகின் நிறத்தையும் வார்னிஷின் பளபளப்பையும் பார்க்கிறார்கள். நான் கையில் எடுத்ததும் அந்த ஓர் அங்குலத்தைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன்.

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வில் பழகுவது சாத்தங்காடு இரும்புச் சந்தைப் பக்கம், நண்பர் ஒருவருடைய குடோனுக்குப் பின்புறம். 18 மீட்டர் நீளம், மூன்று பக்கமும் உயரமான சுவர், உள்ளே வர ஒரே வழி, அதற்கும் பூட்டு. வைக்கோல் பாயை இலக்காக வைத்துத்தான் தொடங்கினேன். எண்ணூர் கடற்காற்றின் ஈரம் அதை ஒரு மழைக்காலம்கூட விட்டுவைக்கவில்லை, மக்கிப் போனது. அப்புறம் காயலான் கடையில் நிலக்கரி ஓடிய பழைய கன்வேயர் பெல்ட்டைக் கிலோ கணக்கில் வாங்கினேன். ஓர் அடி அகலப் பட்டைகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் சேனல் வைத்து, நான்கு நீள போல்ட்டால் இறுக்கினேன். ரப்பரும் உள்ளே நைலான் துணியுமாக, மழைக்கும் வெயிலுக்கும் அசையாத இலக்கு. இரண்டு பட்டைகளுக்கு நடுவில் பாய்ந்தால் அம்பு நாலு விரல் இறங்கும். பட்டையின் நடுவிலேயே குத்தினால் இரண்டு விரல்கூட இறங்காது. இந்த இலக்குதான் எனக்கு அம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது.

கணக்குப் போட்டால் விஷயம் உடனே பிடிபடும். 32 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இழுக்க 40 பவுண்டு விசை கேட்கிற வில்லுக்கு இது சாதாரணம். அதன் ஆற்றல் சுமார் 32 ஜூல். வைக்கோலில் 30 சென்டிமீட்டர் இறங்கி நின்றால் அம்பின் மேல் விழும் சராசரி விசை 11 கிலோ பாரத்துக்குச் சமம். என் ரப்பரில் 3 சென்டிமீட்டரில் நின்றால் 110 கிலோ. பலகையில் ஒரே சென்டிமீட்டரில் நின்றால் 330 கிலோ. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத தண்டின் மேல், கண் இமைக்கும் நேரத்துக்குள், நாலைந்து பேர் ஏறி நிற்பது போன்ற பாரம். முன்பக்கம் நின்றுவிட்டது, பின்பக்கம் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் இடம்தான் அந்த ஓர் அங்குலம்.

ஆகவே கடின இலக்குக்கு எவ்வளவு கெட்டியான அம்பு வேண்டும் என்று கேட்பதைவிட, அடி வாங்கினால் அது என்ன செய்கிறது என்று கேட்பதே சரி. வளைகிறதா, நசுங்குகிறதா, பிளக்கிறதா, போகப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிறதா. கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் தருகிற அம்புதான் எனக்குப் பிடித்த அம்பு. அந்த வரிசையில் மூங்கிலுக்கே முதலிடம் கொடுப்பேன்.

மூங்கில் குச்சியை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் பானை வாங்குவது போலத்தான் வாங்க வேண்டும். தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு குச்சிகளை நடுவில் தளர்வாகப் பிடித்து ஒன்றோடு ஒன்று தட்டினால், நல்ல குச்சி ‘டிங்’ என்று மேல் சுருதியில் ஒலித்துச் சிறிது நேரம் நிற்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் ‘டொக்’ என்று அங்கேயே செத்துவிடும். ரயிலில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த காலத்தின் வித்தை இதுவேதான். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும்.

கல்மூங்கிலில் மெல்லியதாக வளர்ந்தது கிடைத்தால் விடக் கூடாது. உள்ளே துவாரம் அநேகமாக இருக்காது. மூங்கிலின் நார் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக ஓடுகிறது. உள்ளே போகப் போக அடர்த்தி குறையும். வழவழப்புக்காகத் தோலைச் சீவுகிறவர்கள் அம்பின் முதுகெலும்பையே சீவி எறிகிறார்கள். கணுவில் மேடாக இருப்பதை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். அடிப்பக்கம் தடிப்பாக, நுனிப்பக்கம் மெலிந்து இருப்பது மூங்கிலின் இயல்பு. தடித்த பக்கத்தை முனைக்கு வைக்க வேண்டும். முனை முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு கணு வருமாறு குச்சியை அறுத்தால், பிளவு ஓடி வந்தாலும் கணுவில் நின்றுவிடும். சிலம்பம் ஆடுகிறவர்கள் கம்பை எடுத்ததும் கணுவை எண்ணிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

கோணல் இருந்தால் கரி அனலில் காட்டி, சூடு பொறுக்கும் பக்குவத்தில் மெல்ல வளைத்து, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் திரும்பவும் பழைய கோணலுக்கே போய்விடும். பட்டறையில் வி-பிளாக்கும் டயல் கேஜும் இருக்கின்றன. உருட்டிப் பார்த்து அளக்கலாம். ஆனாலும் நான் நேர்த்திக்காக உயிரை விடுவதில்லை. கார்பன் அம்புப் பெட்டிகளில் நேர்த்தி 0.001 அங்குலம், 0.003, 0.006 என்று போட்டு அதற்கேற்ப விலை ஏற்றியிருப்பார்கள். 18 மீட்டரில், பார்வைக் குறி இல்லாத வில்லில், அந்த வித்தியாசம் இலக்கில் தெரியவே தெரியாது. அந்தப் பணத்தில் இன்னும் நாலு அம்பு வாங்கலாம்.

பணம் போட வேண்டிய இடம், இல்லை, பொறுமையைப் போட வேண்டிய இடம் வேறு. அதுதான் ஸ்பைன். நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. வில்லைச் சுற்றி வளைந்து, மீன் நீந்துவது போல் இருபுறமும் அசைந்துகொண்டே போகிறது. எவ்வளவு வளையும் என்பதற்கான அளவுதான் ஸ்பைன். வில்லுக்குப் பொருந்தாத ஸ்பைன் என்றால் அம்பு அசைவு அடங்காமல் குறுக்காகப் போய் மோதும். அப்போது 110 கிலோவும் நீளவாக்கில் இறங்காமல் தண்டை ஒடிக்கிற திசையில் இறங்கும். நல்ல தரமான அம்பு உடைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வில்லின் பவுண்டைத்தான்.

இதை அளக்க ஒரு கருவியை நானே செய்துகொண்டேன். பலகையில் 26 அங்குலம் தள்ளி இரண்டு ஆணி, அவற்றின் மேல் அம்புத் தண்டு, நடுவில் 2 பவுண்டு எடை. 907 கிராம் வேண்டுமென்றால் 40 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியில் 92 மில்லிமீட்டர் நீளம் வெட்டினால் சரியாக வரும். லேத்தில் ஐந்து நிமிட வேலை. தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அந்த எண்ணால் 26-ஐ வகுத்தால் பவுண்டுக் கணக்கில் ஸ்பைன் வந்துவிடும். 0.65 அங்குலம் தொய்ந்தால் 40. 0.52 என்றால் 50. மரத்துக்கும் மூங்கிலுக்கும் உலகம் முழுக்க வில்லாளர்கள் பயன்படுத்தும் பழைய கணக்கு இது. என் 40 பவுண்டு வில்லுக்கு 40-லிருந்து 45-க்குள் வருகிற குச்சிகளை மட்டும் எடுத்து வைக்கிறேன். நூறு குச்சி வாங்கினால் முப்பது தேறும். மீதி எழுபதில் அவரைக்குப் பந்தல் போட்டிருக்கிறோம்.

இப்போது அந்த ஓர் அங்குலத்துக்கு வருகிறேன். முனைக்குப் பின்னால் நூல் சுற்றிக் கட்டுவது பல நாட்டு அம்புகளில் உண்டு. பல இடங்களில் விலங்கின் தசைநார். நான் காசிமேட்டில் வலை பின்னும் நைலான் நூலை வாங்கினேன். அங்கே வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கட்டைப் பார்த்துவிட்டு அம்பைக் கையில் வாங்கினார்.

“இன்னா தம்பி, முடிச்சு போட்டு வச்சிருக்க? முடிச்சு போட்ட எடத்துலதான் அறும்.”

“அப்ப எப்டிணா முடிக்கிறது?”

“மொதல்லயே ஒரு வளையம் வுட்டுக்கோ. அது மேலயே சுத்தினு வா. கடைசீல நுனிய அந்த வளையத்துல கோத்து உள்ளாற இஸ்துடு. முடிச்சே வேணாம்.”

சொல்லிக்கொண்டே அவர் விரல் சுற்றிவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளி இல்லாமல், இருபது சுற்று. நுனி எங்கே போனதென்றே தெரியவில்லை. கப்பல் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்கக் கட்டுகிற கட்டும் இதுதான். அதன் மேல் அரால்டைட் ஒரு பூச்சு. அன்றிலிருந்து என் மூங்கில் அம்புகள் பிளப்பது பாதிக்கு மேல் குறைந்தது. முடிச்சு இல்லாததால் ரப்பரில் சிக்குவதுமில்லை. அந்தப் பெரியவர் சுற்றிய அம்பை இன்னும் எய்துகொண்டுதான் இருக்கிறேன்.

மரத்துக்கு நூல் போதாது. மரத்துக்கு மரமே துணை. வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் உருட்டிய குச்சி கிடைக்கும். ஆனால் மெஷினில் உருட்டுகிறபோது அது மர ரேகையைப் பார்ப்பதில்லை. ரேகை பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடும். அந்த இடத்தில் அம்பு சாய்வாக முறியும், முறிந்த கூர் கையில் ஏறும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ரேகை ஓடுகிற குச்சியை மட்டுமே எடுக்க வேண்டும். அதிலும் முன்பக்கம் ஆறேழு அங்குலத்துக்கு வேறு கெட்டி மரத்தை மீன்வால் வெட்டாக இணைப்பது ஐரோப்பிய வில்லாளர்களின் பழைய வழக்கம். நான் அதற்குக் கருவேல மரத்தைப் பிடித்தேன். வண்டிச் சக்கரத்துக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் நம் ஊர் ஆசாரிகள் தேடுகிற மரம் அது, அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே பிறந்தது. வெளிர் தண்டுக்குள் செம்பழுப்புக் கருவேலம் இரண்டு நாக்காக ஏறி நிற்பதைப் பார்க்கையில், இதை இலக்கில் எய்வதா, சுவரில் மாட்டுவதா என்று தோன்றும். எய்யத்தான் வேண்டும்.

கப்பல் ஊர்க்காரனுக்கு ஒரு கப்பல் செய்தி: இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-இல் தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த அம்புகள் சுமார் 3,500. அவற்றில் பெரும்பாலானவை பாப்லர் மரம், அதாவது இலகுவான, மிருதுவான மரம். போருக்குப் போன அம்பைத் திரும்ப எடுத்து வர வேண்டிய கவலை இல்லை. அதே 1545-இல் வெளிவந்த தன் வில்வித்தை நூலில் ரோஜர் ஆஸ்கம், போரம்புக்கு ஆஷ் மரமே சிறந்தது என்று வாதிடுகிறார். கனமாக இருப்பதால் அடி பலமாக விழும் என்பது அவர் கட்சி. ஒரு நாட்டில், ஒரே ஆண்டில், நூலில் ஒரு மரமும் கப்பலில் வேறொரு மரமும். நான் ஆஸ்கம் பக்கம்.

அலுமினியம் நேர்மையான உலோகம். அடி பட்டால் வளையும், வளைந்ததை மேசையில் உருட்டினால் தெரிந்துவிடும், ஓரளவு நிமிர்த்தவும் முடியும். ஈஸ்டன் நிறுவனத்தின் அலுமினிய அம்புகளின் மேல் நான்கு இலக்கம் போட்டிருக்கும்: முதல் இரண்டு, வெளிவிட்டம் 64-இல் எத்தனை பங்கு அங்குலம் என்பது, பின் இரண்டு, சுவர்த் தடிமன் ஆயிரத்தில் எத்தனை என்பது. 2114-க்கும் 2016-க்கும் விறைப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 2114-இன் சுவர் 0.014 அங்குலம், 2016-க்கு 0.016. கேட்க அற்பமாக இருக்கும். ரப்பரில் ஒரு மாதம் எய்து பார்த்தால் முதலாவது முன்பக்கம் நசுங்கிப் பூ விரிந்தது போல் ஆகிவிடும். கடின இலக்குக்கு எப்போதும் பின் இரண்டு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கார்பனைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அதன் வலிமை மேல் எனக்கு மரியாதை உண்டு. வளைந்து நிமிர்ந்தால் பழைய நேர்த்திக்கே திரும்பும். மழை தெரியாது, வெயில் தெரியாது. ஆனால் அதன் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. உள்ளே முனைத் திருகை ஏந்தும் இன்சர்ட் பின்னுக்குத் தள்ளினால் குழாய் நீளவாக்கில் பிளக்கும். பிளந்ததை வெளியே காட்டிக்கொள்ளாது. அப்படி ஓர் அம்பை மறுபடி நாணில் வைத்து விட்டால் அது வில்லை விடும்போதே சிதறி, இடக்கையில் ஏறிவிடும். அதனால் கார்பன் எய்கிறவர்கள் இலக்கிலிருந்து பிடுங்கிய ஒவ்வொரு முறையும், இரு முனையையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் வைத்து, லேசாக வளைத்து, திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். ‘மொறுக்’ என்று சின்னச் சத்தம் வந்தாலும் முறித்துப் போட்டுவிட வேண்டும். நான் கூடவே பனியன் வேஸ்ட்டைத் தண்டில் சுற்றி முழு நீளத்துக்கும் இழுப்பேன். ஒரே ஒரு இழை எழும்பியிருந்தாலும் பஞ்சு அதில் மாட்டி நிற்கும். ஒருநாள் கண்ணுக்குப் புத்தம் புதிதாக இருந்த அம்பில், முனையிலிருந்து ஓர் அங்குலத்தில், வெள்ளைப் பஞ்சு ஒரு மயிரிழை அளவு நின்றது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது மூன்று அங்குல நீளத்துக்குக் கீறல். பிறகு கார்பன் அம்புகளுக்கெல்லாம் ஒன்றரை அங்குல அலுமினியக் குழாயை லேத்தில் கடைந்து, முன்பக்கம் மேல் உறையாகப் போட்டேன். கிராம் கணக்கில் எடை ஏறியது. டப்பாவில் சேருவது குறைந்தது.

முனை கூர்மையாக இருந்தால் நன்றாக இறங்கும் என்பது கடின இலக்கில் பொய்த்துப் போகும். ஊசி முனை ரப்பரில் வளையும், பலகையில் மாட்டிக்கொண்டு வர மறுக்கும். துப்பாக்கிக் குண்டு போல் உருண்டு, தண்டின் விட்டத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும் இரும்பு முனைதான் சரி. அது வழியை அகலப்படுத்திக் கொடுக்கும், தண்டு உரசாமல் பின்னால் போகும். முன்பக்கம் கொஞ்சம் சோப்புத் தடவி வைப்பதும் நல்லது. பிடுங்கும்போது ஓர் உள்ளங்கை இலக்கின் மேல், மறு கை இலக்கை ஒட்டித் தண்டைப் பிடித்து, வந்த வழியே நேராக இழுக்க வேண்டும். எய்கையில் பிழைத்த எத்தனையோ அம்புகள் பிடுங்குகையில் வளைந்திருக்கின்றன.

கொரியர்களின் மரபு வில்லில் இந்தச் சிக்கலே வேறு விதமாகத் தீர்கிறது. 145 மீட்டருக்கு அப்பால், பின்னால் சாய்த்து நிறுத்திய பெரிய மரப்பலகை, மேலே ரப்பர். மழுங்கிய முனை அதில் குத்துவதில்லை; ‘டப்’ என்று மோதித் தெறித்து விழுகிறது. பட்டதா இல்லையா என்பதைக் காது சொல்லிவிடும். அம்பும் பிழைத்துவிடும். பூட்டானில் கிட்டத்தட்ட அதே தூரத்தில் சின்ன மரப்பலகையில் மூங்கில் அம்பைக் குத்த வைக்கிறார்கள். ஜப்பானியர்கள் மணல் மேட்டில் எய்கிறார்கள். இலக்கு எப்படியோ அம்பும் அப்படி.

நம்மிடம் அம்புக்கு எத்தனை பெயர்! கணை, பகழி, வாளி, கோல், சரம். சரம் என்ற வடசொல்லுக்கு நாணல் என்றும் பொருள். எதில் செய்தார்கள் என்பது பெயரிலேயே தங்கிவிட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் ஆதிச்சநல்லூர் இரும்பின் முன் நிற்பேன். அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து 1905 வரை தோண்டி எடுத்ததில் அம்பு முனைகளும் உண்டு. இரும்பு மட்டும் இருக்கிறது, தண்டு மண்ணாகிவிட்டது. அந்தத் தண்டை எதனால் கட்டினார்கள், எத்தனை சுற்று சுற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

புறநானூற்றில் வன்பரணர் பாடிய கொல்லிமலைத் தலைவன் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்குகிறது. எல்லோரும் ஓரியின் தோளைப் புகழ்வார்கள். எனக்கு அந்த அம்பைச் செய்த கை யாருடையது என்றுதான் கேட்கத் தோன்றும். அது புற்றில் போய் முடிவதும் எனக்குப் பிடிக்கும்: யானை எலும்பைத் தாண்டிய அம்பை மண் ஏந்திக்கொண்டது. கொல்லிமலைச் செம்மேட்டில் ஆடிப்பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. ராமாயணத்தில் இன்னும் ஒரு படி மேலே. ஏழு மராமரங்களைத் துளைத்த ராமனின் அம்பு திரும்பி வந்து தூணியில் சேர்ந்துவிடுகிறது. அதை எழுதியவருக்கு வில்லாளனின் மனசு தெரிந்திருக்கிறது. எய்தவனுக்கு உள்ளூர இருக்கும் ஆசை அதுதானே, போன அம்பு முழுசாகத் திரும்பக் கைக்கு வர வேண்டும்.

இறகைப் பற்றிச் சுருக்கமாக: வான்கோழி இறகு போதும். இடச் சிறகையும் வலச் சிறகையும் ஒரே அம்பில் கலக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் இறகு நனைந்து படுத்துவிடும். கெட்டில் ஆவியில் காட்டினால் எழுந்துகொள்ளும். இரும்பு முனைக்குத் தினமும் ஒரு சொட்டு எண்ணெய். எண்ணூர் உப்புக்காற்று ஒரு வாரம் ஏமாந்தாலும் துருவைப் பூசிவிடும்.

மூங்கில் அம்பு அந்த ஓர் அங்குலத்தில் முறிந்தால் வாழ்க்கை முடிந்துவிடாது. முறிந்ததை அறுத்து, நுனியைச் சீவி, முனையை மறுபடி ஏற்றி, நூல் சுற்றினால் ஓரிரு அங்குலம் குள்ளமான புது அம்பு. குறையக் குறைய விறைப்பு ஏறும், பறப்பில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அருகிலிருந்து பழக அது தடையில்லை. 31 அங்குலத்தில் பிறந்த ஒன்று என்னிடம் 30 ஆகி, 28 ஆகி, இப்போது 26-இல் மகள் கையில் இருக்கிறது. அவள் நாணை இழுப்பது 24 அங்குலம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஆறு அம்பையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நாணில் வைக்கும் முன் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து நகத்தால் சுண்டிப் பார்த்தாள். ஐந்தாவதை இரண்டு முறை சுண்டினாள். என்னிடம் நீட்டினாள். நான் தடவிப் பார்த்தேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இல்லப்பா, இது சத்தமே வர்ல. கேளு.”

கேட்டேன். பிறகு அவளே அதை எடுத்துப்போய் கிரீஸ் டப்பாவில் போட்டுவிட்டு, ஆறாவதைச் சுண்டினாள்.